சாலை போட்டாயிற்று, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குப் பொறுப்பு யார்?

தோட்டத்தில் பறித்த தக்காளியைப் பெட்டியில் அடுக்கி மினி லாரியில் ஏற்றுகிறீர்கள். மெயின் ரோட்டை எட்ட மூன்று, நான்கு கிலோமீட்டர் ஊராட்சிச் சாலையில் போக வேண்டும். குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அடிப்பெட்டிப் பழம் நசுங்குகிறது. மண்டியில் பெட்டியைக் கவிழ்க்கும்போதுதான் அது தெரிகிறது, விலை குறைகிறது. நாட்டில் விளையும் தக்காளியில் 12 சதவீதத்துக்கும் மேல் அறுவடையின்போதும் அதற்குப் பிறகும் வீணாவதாக லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப் பின்சார் பொறியியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் 2015-ம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. போக்குவரத்து அதில் ஒரு பங்குதான். ஆனாலும் ரகம், உரம், சொட்டுநீர் என்று எல்லாவற்றையும் பேசுகிற நாம், அந்த நான்கு கிலோமீட்டரைப் பற்றிப் பேசுவதே இல்லை. இத்தனை ஆண்டுகளாகப் பயிர் மட்டுமே எழுதி வந்த எனக்கும் இதில் பங்கு உண்டு.

சாலை என்றாலே எத்தனை கிலோமீட்டர் போட்டார்கள், எத்தனை லட்சம் செலவு என்றுதான் கேட்டுப் பழகிவிட்டோம். போட்ட சாலை மூன்றாவது மழைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. இப்போது பொறியாளர்கள் அந்தக் கேள்வியைத்தான் முன்னால் வைக்கிறார்கள். சாலையை ஒரு சொத்தாகப் பார்த்து, அதன் நிலையை ஆண்டுதோறும் அளந்து, அந்த அளவைப் பொறுத்தே ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுப்பது என்பது இந்த முறை. குழி அடைத்ததற்குக் கூலி கிடையாது. சாலை குழியில்லாமல் இருந்தால்தான் பணம். கறவை மாட்டைப் பராமரிப்பவருக்குத் தீவனம் வாங்கிய கணக்கைப் பார்க்காமல், மாடு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சம்பளம் கொடுப்பது போல.

இது நமக்குப் புதிதல்ல. மாநில நெடுஞ்சாலைத் துறை 2010-களின் தொடக்கத்திலேயே பொள்ளாச்சிக் கோட்டத்தில் இப்படி ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. கிராமச் சாலைகளில், 2000-ம் ஆண்டு டிசம்பர் 25-ல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் இது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சாலை போடும் ஒப்பந்ததாரரே, முடித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் அதைப் பராமரிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பராமரிப்புக்கு எவ்வளவு என்று டெண்டரிலேயே விலை குறித்துக் கொடுக்கிறார். அதாவது உங்கள் ஊர்ச் சாலையின் குழிகளை மூட ஒருவருக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் இருக்கலாம். நம்மில் பலருக்கு இது தெரியாது.

தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. சாலை தொடங்கும் இடத்தில் தகவல் பலகை இருக்கும். சாலையின் பெயர், நீளம், தொகை, ஒப்பந்ததாரர், முடிந்த தேதி, பராமரிப்புக் காலம் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பலகையில் சுவரொட்டி ஒட்டியிருந்தால் கிழித்துவிட்டுப் பாருங்கள். பலகையே இல்லாவிட்டால் ஒன்றிய அலுவலகத்தில் பொறியாளரிடம் கேட்கலாம். முடிந்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டுகள் ஆகவில்லை என்றால், பராமரிப்பு யாருடைய வேலை என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இந்தச் சாலைகளின் பராமரிப்புக் கணக்கு இப்போது 'இ-மார்க்' என்ற இணையவழி முறையில் நடக்கிறது. பொறியாளர் நேரில் போய், இடக்குறியீட்டோடு படம் எடுத்துப் பதிய வேண்டும். குழிகள், சாலையோர மண் அரிப்பு, பக்கவாட்டு வாய்க்கால், சிறுபாலம், புதர் என்று ஒவ்வொன்றையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். பில் தொகை அதைப் பொறுத்தது. முறை நல்லதுதான். ஆனால் படம் எடுப்பவர் எந்த இடத்தில் நின்று எடுக்கிறார் என்பதும் முக்கியம். நல்ல இடத்தில் நின்று எடுத்த படம் நல்ல மதிப்பெண்தான் வாங்கும். தினமும் அந்த வழியே போகிற நீங்களும் படம் எடுத்து அனுப்பலாம். 'மேரி சடக்' என்ற கைபேசிச் செயலி இந்தத் திட்டச் சாலைகள் குறித்த புகாருக்காகவே வந்தது. இந்தத் திட்டத்தில் சேராத சாலை என்றால் புகாரை ஒன்றிய அலுவலகத்துக்கே எழுத்தில் கொடுங்கள்.

மேலே சொன்ன பட்டியலில் பாதி, தண்ணீர் சம்பந்தப்பட்டது என்பதைக் கவனித்தீர்களா? மண் படித்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விளக்க விரும்புகிறேன். தார் மேல்பூச்சு ஒரு குடை போல. சுமையைத் தாங்குவது கீழே இருக்கும் ஜல்லியும் அடிமண்ணும்தான். அடிமண் காய்ந்திருக்கும்வரை வலுவாக இருக்கும். ஈரம் ஏறினால் சேறாகும். கரிசல் பூமியில் இன்னும் மோசம். நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும், மேலே போட்ட தாரும் சேர்ந்து வெடிக்கும். அந்த வெடிப்பில் அடுத்த மழை இறங்கும். சாலையின் நடுப்பகுதி உயர்ந்து இருபுறமும் சரிவாக இருப்பது தண்ணீர் நிற்காமல் ஓடத்தான். ஓடி வந்த தண்ணீரை வாங்க ஓரத்தில் வாய்க்கால் வேண்டும். அது தூர்ந்துபோனால் தண்ணீர் அங்கேயே நின்று பக்கவாட்டில் அடிமண்ணுக்குள் ஊறும். சாலையின் ஓரம் முதலில் உடைவது இதனால்தான்.

வெடிப்பை மூட ஆகும் செலவு சிறியது. அதைத் தள்ளிப்போட்டால் செலவு மடங்குகளில் ஏறும். மூன்று ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட சாலையைச் சீர்செய்ய ஆறு மடங்கும், ஐந்து ஆண்டுகள் விட்டால் 18 மடங்கும் செலவாகும் என்பது தென்னாப்பிரிக்கத் தேசியச் சாலை அமைப்பின் கணக்கு. நம் மண்ணுக்கும் மழைக்கும் எண் மாறலாம், போக்கு மாறாது. இலையில் நான்கு புள்ளி தெரியும்போதே மருந்து அடிப்பதற்கும், வயல் முழுக்கக் கருகிய பின் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்.

இனிச் சொல்வது கொஞ்சம் கசக்கும். சாலையைக் கெடுப்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது. கேஜ் வீல் மாட்டிய டிராக்டரைத் தார்ச்சாலையில் ஓட்டுகிறோம். வயலுக்குக் குழாய் கொண்டுபோகச் சாலையைக் குறுக்கே வெட்டிவிட்டு மண்ணைத் தள்ளி மூடுகிறோம். ஓர வாய்க்காலை வரப்போடு சேர்த்துக்கொள்கிறோம். கடைமடையில் மிஞ்சும் பாசன நீரைச் சாலைப் பக்கமே வடிய விடுகிறோம். பிறகு சுமை. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலை அமைத்து லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சில் விழும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்று தெரிந்தது. கரும்பு டிரெய்லரில் ஒரே நடையில் எல்லாவற்றையும் ஏற்றினால் டீசல் மிச்சம்தான். அந்த மிச்சத்துக்கான விலையை அடுத்த போகத்தில் இதே சாலையில் கொடுக்கிறோம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேலை சொல்ல வேண்டும். கிராமச் சாலையை எவ்வளவு கனமாகப் போடுவது என்று முடிவு செய்ய, நாளுக்கு எத்தனை வண்டிகள் போகின்றன என்று எண்ணுவார்கள். அறுவடைக் காலத்தில் கூடுதலாக வரும் வண்டிகளையும் சேர்க்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸின் எஸ்.பி. 72 கையேடு சொல்கிறது. சித்திரை வெயிலில் வயல் காலியாகக் கிடக்கும்போது எண்ணினால் நாலு பைக்கும் ஒரு பால் வண்டியும்தான் தெரியும். தை மாதத்தில் அதே சாலையில் நெல் லாரியும் அறுவடை இயந்திரமும் வரிசையில் நிற்கும். எந்தக் கிராமத்தில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், எந்த வாரத்தில் அறுவடை என்ற விவரம் வேளாண்மை அலுவலகத்தில்தான் இருக்கிறது, பொறியாளரிடம் இல்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். 2019-ல் ஒப்புதல் பெற்ற பிரதமர் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், எந்தச் சாலையை மேம்படுத்துவது என்பதே சந்தை, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு அது எப்படி இணைப்புத் தருகிறது என்பதை வைத்து முடிவாகிறது. உங்கள் பகுதியின் கொள்முதல் நிலையமும் கிடங்கும் அந்தப் பட்டியலில் விடுபட்டிருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள்.

ஐந்தாண்டு முடிந்த சாலைகளுக்கும், வேறு நிதியில் போட்ட சாலைகளுக்கும் இப்படிக் கையைக் காட்ட ஓர் ஆள் பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே கிராம சபைதான் வழி. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று மூன்று கூட்டங்கள் வரிசையாக வருகின்றன. இவற்றில் நவம்பர் 1 தாமதம். வடகிழக்குப் பருவமழை அதற்குள் தொடங்கியிருக்கும். ஆகஸ்டிலேயே தீர்மானம் போட்டால் வேலை நடக்க இரண்டு மாதம் கிடைக்கும். "சாலையைச் சீரமைக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த இடத்திலிருந்து எத்தனை மீட்டருக்கு வாய்க்கால் தூர்ந்திருக்கிறது, எந்தச் சிறுபாலத்தின் குழாய் அடைத்திருக்கிறது, எங்கே ஓரம் உடைந்திருக்கிறது என்று எழுதுங்கள். ஒரு மழை நாளில் குடையோடு சாலையின் முழு நீளமும் நடந்தால் இந்தப் பட்டியல் தயாராகிவிடும். எங்கே தண்ணீர் நிற்கிறதோ, அடுத்த குழி அங்கேதான் விழும்.