அக்காவின் குளிசையும் தம்பியின் கைநடுக்கமும்

எங்கள் அயலில் ஒரு அக்கா இருக்கிறார். "விடிஞ்சா எழும்ப ஏலாமல் கிடக்கு, தலைமயிர் கொட்டுது, மூன்று நாளைக்கு ஒருக்காத்தான் வயிறு இளகுது" என்பார். "எவ்வளவைக் கண்ட உடம்பு, களைக்காதா?" என்று நாங்களும் சொல்லிவிட்டோம். இரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் தைரொயிட் குறைபாடு என்று தெரிந்தது.

தைரொயிட், கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி. அதற்கு அயடீன் வேண்டும் என்பதற்காகவே 1995இல் எமது நாட்டில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. சுரப்பி பெரும்பாலும் தருவது ரீ4 என்ற ஓமோன். உடம்பு கூடுதலாகப் பயன்படுத்துவது ரீ3. ஒன்றை மற்றதாக மாற்றும் வேலையில் பெரும் பங்கு ஈரலுக்கு. அந்த ஈரலைத்தான் சாராயமும் கசிப்பும் கெடுக்கின்றன. ஈரல் சுருங்கியவர்களுக்கு ரீ3 குறைந்துவிடும். கடுங்குடி குடலின் உட்சுவரையும் நெகிழச்செய்கிறது; அங்குள்ள கிருமிகளின் நச்சு கசிந்து ஈரலுக்கே போய்ச் சேர்கிறது.

அளவாகக் குடிப்போரிடம் சில தைரொயிட் நோய்கள் குறைவு என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அதைச் சாட்டாக வைத்துப் போத்தலைத் திறக்க எந்த வைத்தியரும் சொல்லமாட்டார்.

அக்காவின் தம்பிக்குக் காலையில் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். இவருக்கும் தைரொயிட்தான், ஆனால் கூடிப்போய்விட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். தைரொயிட் கூடினால் இப்படித்தான் இருக்கும். இரவு குடித்த வெறி இறங்கும்போதும் இப்படித்தான் இருக்கும். வைத்தியர் கேட்டபோது அக்கா வெட்கத்தில் "அவன் குடிக்கிறதில்லை" என்று சொல்லிவிட்டார். மறைத்தால் வைத்தியர் எதை வைத்துப் பிரித்தறிவது? இன்னொன்று: நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

அக்காவுக்கோ குளிசை தொடங்கி மாதங்களாகியும் களைப்பு மாறவில்லை. விசாரித்தால், தைரொக்சின் குளிசையையும் இரும்புச்சத்துக் குளிசையையும் ஒன்றாகப் பால்தேநீரோடு விழுங்கியிருக்கிறார். எல்லாம் ஒரே பையில்தானே கிடைக்கிறது! தைரொக்சின் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. இரும்பும் கல்சியமும் அதைப் பிடித்துவைத்து உள்ளே போகவிடாது. அவற்றுக்கு நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். தைரொக்சினை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் முன்பு எடுக்க வேண்டும். நாட்பட்ட இரைப்பை அழற்சியும், அமிலத்தைக் குறைக்க விழுங்கும் ஒமெப்பிரசோல் போன்ற மாத்திரைகளும் உறிஞ்சலைக் குறைக்கும். அவற்றைப் பாவிப்பவர்கள் கிளினிக்கில் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் தைரொக்சினைத் தாமாக நிறுத்தக்கூடாது. கருவிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கும் அது தேவை.

மலச்சிக்கலுக்கு அக்கா எத்தனையோ கைமருந்து செய்து பார்த்தவர். ஓமோன் அளவு சரியாக வர, அது தானாகவே இளகியது. இப்போது இரவில் குளிசையையும் ஒரு செம்பு தண்ணீரையும் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறார். விடிய அதை விழுங்கி, முற்றம் கூட்டி முடித்த பிறகே அடுப்பில் கேத்தல் ஏறும்.