பிளைவீல் மாற்றப் போகிறீர்களா? பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்!

லாரி ஓடினால் வாடகை, நின்றால் வட்டி. ஒரே ஒரு லாரி வாங்கி, அதைத் தானே ஓட்டிப் பிழைக்கும் டிரைவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் வசிக்கும் அப்படிப்பட்ட ஒருவர், சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் இஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. கருகிய நாற்றம் வந்தது. கிளீனர் கீழே குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். பின்னால் ஹாரன் சத்தம்.

கிளட்ச் வழுக்குகிறது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் புது கிளட்ச் பிளேட் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குற்றம் பிளேட்டில் இல்லை. பிளேட் உரசிப் பிடிக்கிறதே, அந்தப் பிளைவீலில் இருந்தது.

குயவர் சக்கரம் போல

பெங்களூர் பாட்டரி டவுனில் குயவர் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்குப் பிளைவீலை விளக்குவது எளிது. குயவர் ஒருமுறை வேகமாகச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தாலும் சக்கரம் நிற்பதில்லை. அதன் கனமே அதைச் சுற்ற வைக்கிறது.

லாரி இஞ்சினிலும் இதே கதைதான். நாலு சிலிண்டர் இஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, ஆறு சிலிண்டர் இஞ்சினில் மூன்று முறை டீசல் எரிந்து தள்ளுகிறது. ஒரு தள்ளுக்கும் அடுத்த தள்ளுக்கும் இடையே கிராங்க் ஷாப்டைத் தடங்கல் இல்லாமல் கொண்டுசெல்வது பிளைவீல்.

அதற்கு வேறு வேலைகளும் உண்டு. அதன் முகத்தில்தான் கிளட்ச் பிளேட் அழுந்திப் பிடிக்கிறது. அதன் விளிம்பில் உள்ள ரிங் கியரைப் பிடித்துத்தான் செல்ப் மோட்டார் இஞ்சினைக் கிளப்புகிறது. அதன் நடுவில் பைலட் பேரிங் உட்காரும் வண்டிகளில் கியர் பாக்ஸ் ஷாப்டின் முனையைத் தாங்குவதும் அதுவே. ஆகவே இதில் செய்யும் ஒரு தவறு, மூன்று இடங்களில் தலைகாட்டும்.

லேத்தில் நடந்த தவறு

பிளைவீலில் இரண்டு வகை உண்டு. ஒன்று தட்டையானது. மற்றொன்று சட்டி போலக் குழிந்தது. குழிந்த வகையில் பிளேட் உட்காரும் முகம் உள்ளே தாழ்ந்திருக்கும். பிரஷர் பிளேட்டைப் போல்ட் போட்டு முடுக்கும் விளிம்பு உயர்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள ஆழம் கம்பெனி வைத்த கணக்கு.

ஆஸ்டின் டவுன்காரரின் லாரியில் இருந்தது குழிந்த வகை. முன்பு கிளட்ச் மாற்றியபோது, முகத்தில் கோடு விழுந்திருக்கிறது என்று லேத்தில் கொடுத்துச் சீவினார்கள். உள்முகத்தை மட்டும் சீவிவிட்டு, விளிம்பைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். ஆழம் கூடிவிட்டது. பிரஷர் பிளேட்டின் பிடி தளர்ந்தது. வெறும் வண்டியில் தெரியவில்லை. பாரத்தோடு மேட்டில் ஏறியபோது தெரிந்தது. உள்ளே எவ்வளவு சீவினார்களோ, விளிம்பிலும் அவ்வளவே சீவியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது.

இம்முறை கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தபோது பிளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்திருந்தது. வெடிப்பு ஒன்று போல்ட் துவாரத்தை நோக்கி ஓடியிருந்தது. "இதை இனிமேல் சீவக் கூடாது, தம்பி. மாற்றிவிடு" என்றார் மெக்கானிக்.

வெடிப்பைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பிளைவீல்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனவை. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சுற்றும் வேகம் இரண்டு மடங்கானால், அதைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நாலு மடங்காகும். இறக்கத்தில் தவறான கியரில் விழுந்து இஞ்சின் தறிகெட்டு ஓடும் நேரத்தில், வெடித்த பிளைவீல் சிதறினால் அது வெறும் இஞ்சின் செலவோடு நிற்காது. பல லாரிகளில் அந்த இடம் டிரைவரின் காலுக்கு அருகேதான் இருக்கிறது.

மேலாக மயிரிழை போலத் தெரியும் சூட்டுக் கோடுகள் சீவினால் மறையக்கூடும். ஆழமான வெடிப்பும், துவாரத்தையோ விளிம்பையோ எட்டிய வெடிப்பும் கழித்துக்கட்ட வேண்டியவை. குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று கம்பெனி மேனுவலில் இருக்கும். அதற்குக் கீழே போனதும் கழிவுதான்.

எதை வாங்குவது?

ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் போய் "இன்ன லாரிக்குப் பிளைவீல் கொடுங்கள்" என்று கேட்டால் மட்டும் போதாது. ஒரே மாடல் லாரியில் வருடத்துக்கு வருடம் இஞ்சினும் கிளட்ச் அளவும் மாறியிருக்கும். வண்டி நம்பரைவிட இஞ்சின் நம்பரும், பழைய பிளைவீலில் பொறித்திருக்கும் பார்ட் நம்பரும் முக்கியம். பழைய பிளைவீலையே ஆட்டோவில் போட்டு எடுத்துச் செல்வது இன்னும் நல்லது.

கடையிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியவை: கிளட்ச் பிளேட்டின் விட்டம், தட்டையா குழிந்ததா, குழிந்ததானால் ஆழம், கிராங்க் ஷாப்ட் போல்ட் துவாரங்களின் எண்ணிக்கையும் இடைவெளியும், பைலட் பேரிங் துவாரம், ரிங் கியரின் பற்கள், மொத்த உயரம், எடை. பற்களை ஒவ்வொன்றாக எண்ணுவதில் வெட்கம் வேண்டாம். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் செல்ப் மோட்டார் சரியாகப் பிடிக்காது.

2017-ல் நாடு முழுதும் வந்த பி.எஸ். 4, 2020-ல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பல இஞ்சின்களில் பிளைவீலில் உள்ள துளைகளையோ பற்களையோ சென்சார் படித்துத்தான் டீசல் பீய்ச்சும் நேரம் முடிவாகிறது. போல்ட் பொருந்தியும் துளைகள் மாறியிருந்தால் இஞ்சின் கிளம்பாது.

கனம் குறைந்தால் லாபமா?

"கொஞ்சம் எடையைக் குறைத்தால் வண்டி சீறும்" என்று சொல்பவர்கள் உண்டு. பந்தயக் காருக்கு அது சரி. பாரம் இழுக்கும் லாரிக்குச் சரியல்ல. நின்ற இடத்திலிருந்து சுமையோடு நகர்த்தும்போது கைகொடுப்பது பிளைவீலில் சேர்ந்திருக்கும் வேகம்தான். கனத்தைக் குறைத்தால் கிளட்சை விடும்போது இஞ்சின் அணையும். அதற்குப் பயந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் பிளேட் கருகும். ஐடிலிங்கிலும் வண்டி நடுங்கும்.

குஜிரியில் பழையது மலிவாகக் கிடைக்கும். வாங்கக் கூடாது என்பதில்லை. ஆனால் முன்பே எத்தனை முறை சீவப்பட்டது என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. அளந்து பார்த்து, வெடிப்பு சோதனை செய்து தருவதானால் மட்டுமே வாங்கலாம்.

ரிங் கியர் மட்டும் தேய்ந்திருந்தால் முழுப் பிளைவீலையும் மாற்ற வேண்டியதில்லை. இஞ்சின் அணையும்போது பெரும்பாலும் குறிப்பிட்ட சில நிலைகளில்தான் வந்து நிற்கும். அதனால் நாலு சிலிண்டர் இஞ்சினில் இரண்டு இடத்திலும், ஆறு சிலிண்டர் இஞ்சினில் மூன்று இடத்திலும் பற்கள் தேயும். ரிங்கை மட்டும் சுமார் 200 முதல் 250 டிகிரி வரை சீராகச் சூடாக்கி மாட்டலாம். கேஸ் வெல்டிங்கில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால் பல்லின் உறுதி போய்விடும்.

மாட்டும்போது

கழற்றும் முன் பிளைவீலும் கிராங்க் ஷாப்டும் சேரும் இடத்தில் அடையாளம் போட வேண்டும். சேரும் முகத்தில் துரும்போ எண்ணெயோ இருந்தால் பிளைவீல் கோணலாகச் சுற்றும்; கிளட்ச் உதறும். மாட்டிய பிறகு டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்க்க வேண்டும். போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு முடுக்குவதே முறை. பின்பக்க ஆயில் சீலையும் பைலட் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிட்டால், சின்னச் சாமானுக்காகக் கியர் பாக்ஸை மறுபடி இறக்கும் கூலி மிச்சம்.

ஆஸ்டின் டவுன்காரர் கடைசியில் புதிய பிளைவீலே வாங்கினார். பழையதைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கடை வாசலில் இறக்கி, ஸ்கேல் வைத்து அளந்து, பற்களை இரண்டு முறை எண்ணிய பிறகே பணம் கொடுத்தார். வேலை முடிய மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாள் வாடகையும் போயிற்று. நாலாவது நாள் அதே சேலம் லோடு. தொப்பூர் மேட்டில் கிளீனர் கட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். அதற்கு வேலை வரவில்லை.