சந்தையை மூடுவதா, திறப்பதா?

ஊரில் ஒரு நோய் பரவுகின்றது என்று கேட்ட மாத்திரத்தில் மருத்துவர்கள் மட்டும் அபிப்பிராயம் கூறுவதில்லை. தேநீர்க் கடையிலும், தறிமேடையிலும், களத்துமேட்டிலும் ஒவ்வொருவரும் தத்தம் கருத்தைக் கூறுகின்றனர். அவற்றைப் பாமரர் பேச்சென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் கொரோனாப் பெருந்தொற்று வாட்டிய 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் நம் மாநிலத்தில் கூட்டம் கூடியதும் கலைந்ததும் பெரும்பாலும் அப்பேச்சைப் பொறுத்தே நிகழ்ந்தன. ஆதலின் அக்கருத்துகளை அமைதியாக ஆராய்ந்து பார்ப்பது சங்க அங்கத்தினர்களாகிய நமக்கு மிகவும் அவசியமாகின்றது.

பசியும் பிணியும்

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கிற்று. ஏப்ரல் 14-இல் முடியுமென்று எதிர்பார்க்கப்பட்ட ஊரடங்கு, பின்னர் மே மாத இறுதிவரை பன்முறை நீட்டிக்கப்பட்டது.

அந்நாட்களில் மக்கள் கருத்து இரு கூறாகப் பிரிந்து நின்றது. மாதச் சம்பளம் தவறாமல் வரப்பெற்றவர்கள், "உயிரிருந்தால் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம், இன்னும் சில வாரம் மூடியே இருக்கட்டும்" என்றனர். அன்றாடக் கூலியை நம்பியவர்களோ, "நோய் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், பசி வராமல் போகுமா?" என்று கேட்டனர். முன்னவர் கோழைகள் அல்லர். பின்னவர் அறிவிலிகளும் அல்லர். அவரவர் வீட்டு அடுப்பின் நிலையே அவரவர் அபிப்பிராயமாக வெளிப்பட்டது.

விவசாயியின் நிலையை நினைத்துப் பாருங்கள். கோடையை எதிர்நோக்கிப் பயிரிட்ட தர்ப்பூசணி கொடியிலேயே அழுகியது. கோயில்கள் மூடப்பட்டு, திருமணங்களும் தள்ளிப்போனமையால், பறித்த மல்லிகையைக் கொள்வாரில்லை. விளைபொருள் காத்திருக்காது.

நெசவாளியின் துன்பம் வேறு வகையானது. தறி அவர் வீட்டிலேயே இருந்தது. ஊரடங்கு உத்தரவு தறியை நிறுத்தவில்லை. நூலும் சாயமும் வந்து சேராமையும், நெய்த புடவை விலைபோகாமையுமே தறியை நிறுத்தின. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை நம்பிப் பாவு பூட்டியவர்கள், திருமணத்திற்கு 50 பேருக்கு மேல் கூடலாகாது என்ற விதி வந்தபோது திகைத்து நின்றனர்.

கோயம்பேட்டில் நிகழ்ந்தது

இவ்விரு கருத்துகளும் நேருக்கு நேர் மோதிய இடம் சென்னைக் கோயம்பேடு சந்தை. 1996-இல் திறக்கப்பட்ட இச்சந்தையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் உண்டு. காய்கறி அத்தியாவசியப் பொருளாதலின், ஊரடங்கிலும் சந்தை நடந்துவந்தது. மூடினால் விலை ஏறும் என்று வாங்குவோர் அஞ்சினர். சரக்கு பாழாகும் என்று விற்போர் அஞ்சினர்.

இந்நிலையில், சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாட்கள் முழு ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பைக் கேட்ட மக்கள், அதற்கு முன்பே வேண்டியதை வாங்கிவிட விரைந்து கடைவீதிகளில் நெருக்கியடித்தனர். மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேட்டுடன் தொடர்புடைய தொற்றுகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட, மே 5-இல் சந்தை மூடப்பட்டது. அங்கு மூட்டை தூக்கிய தொழிலாளர்கள் சொந்த ஊர் திரும்பியபின் கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய மாவட்டங்களிலும் நோய் காணப்பட்டது.

"எனக்கு வந்தால் நான் பட்டுக்கொள்கிறேன், பிறருக்கென்ன?" என்று கூறுவோர்க்கு இந்நிகழ்ச்சியே விடை. மற்ற அபாயங்களைப் போலன்றி, தொற்றுநோயின் அபாயத்தை ஒருவர் தனியே ஏற்றுக்கொள்ள இயலாது. சந்தையில் நின்றவர் ஏற்ற அபாயத்தை, சந்தையையே காணாத அவர் தாயும் சேர்ந்து சுமக்க நேரிட்டது.

மூடியதால் எல்லாம் சீராயிற்று என்றும் சொல்வதற்கில்லை. காய்கறி வாணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அங்கே மிகச் சில கடைகளுக்கே இடமிருந்தது. மழை பெய்தால் சேறாயிற்று. விற்காத காய்கள் கொட்டப்பட்டன. பின்னர் 2020 செப்டம்பர் 28-இல் கோயம்பேட்டுக் காய்கறி மொத்த விற்பனைக் கடைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. சில்லறைக் கடைகள் அதற்கும் பின்னரே அனுமதி பெற்றன. முழுதும் மூடுவதற்கும் முழுதும் திறப்பதற்கும் இடையே வேறு வழிகளும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

அச்சம் சரியான அளவுகோலா?

மக்களின் அச்சம் நோயின் அளவோடு ஒத்துச் செல்லவில்லை. 2020 ஏப்ரலில் மாநிலம் முழுவதிலும் நாளொன்றுக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டோர் ஏறத்தாழ நூறு பேர் அளவிலேயே இருந்தனர்; அப்பொழுது வெளியூரார் நுழையாதபடி தெருவுக்குத் தெரு முள்வேலி இட்டார்கள். 2021 பிப்ரவரியில் அவ்வெண்ணிக்கை ஐந்நூற்றுக்குச் சற்றுக் குறைவு. அப்பொழுதோ "நோய் போய்விட்டது" என்று முகக்கவசத்தைக் கழற்றி வைத்தோம். அவ்வாண்டு மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. இப்பெருந்தொற்றில் தமிழ்நாடு இழந்த உயிர்கள், அரசுக் கணக்கின்படியே 38,000-க்கு மேல்.

கண்ணுக்குத் தெரிவதையே அபாயம் என்றும், கண்ணுக்குத் தெரியும் செயலையே பாதுகாப்பு என்றும் கருதுவது மற்றொரு பிழை. திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாயிலில் 2020 ஏப்ரல் தொடக்கத்தில், உள்ளே வருவோர்மீது கிருமிநாசினி தெளிக்கும் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. அதைப் பின்பற்றிப் பல ஊர்களில் அமைத்தார்கள். ஆனால் மனிதர்மீது இவ்வாறு தெளிப்பதால் பயனில்லை என்றும், தீங்கு விளையலாம் என்றும் மத்திய சுகாதார அமைச்சகம் அம்மாதமே அறிவுறுத்தியது. நோய் உடையில் ஒட்டிக்கொண்டு வருவதைவிட, காற்றோட்டமில்லாத இடத்தில் மூச்சின் வழியே பரவுவதே பெரிது என்பது நாளடைவில் தெளிவாயிற்று.

இதை நம் தொழிலோடு பொருத்திப் பார்ப்போம். விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துப் பசையிடுவோர் பலராக நிற்பது பார்வைக்குக் கூட்டமாகத் தோன்றும். எனினும் அது திறந்தவெளி. கூலி நாளன்று ஜன்னல் சாத்திய சங்க அறையில் துணி ஒப்படைக்க நெடுநேரம் நெருங்கி அமர்ந்திருப்பதே அதிக அபாயம். முன்னதை நிறுத்திப் பின்னதை விட்டுவைத்தால், கூலியும் போகும், நோயும் நீங்காது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

அடைப்பதற்கு முன் நேரும் நெரிசலே பெருங்கேடு. 2021 மே 24 முதல் தளர்வற்ற ஊரடங்கு என்று அறிவித்து, அதற்கு முன் கடைகளைத் திறக்க அனுமதித்தபோதும் அதே நெரிசல் மீண்டும் காணப்பட்டது. ஆனால் அம்முறை காய்கறிகளை வண்டிகளில் ஏற்றி வீதிதோறும் விற்க ஏற்பாடாயிற்று. சரக்கு மக்களிடம் செல்லுமாயின், மக்கள் சரக்கிடம் ஓட வேண்டுவதில்லை.

நல்ல முன்மாதிரி நம் இயக்கத்திலேயே உள்ளது. 2020 ஏப்ரலில் அரசாங்கம் அளித்த 1,000 ரூபாய் உதவித் தொகையும் அரிசி முதலிய பண்டங்களும் நியாய விலைக் கடைகளின் வழியே கொடுக்கப்பட்டன. அக்கடைகளிற் பெரும்பாலானவை கூட்டுறவு சங்கங்கள் நடத்துபவை. நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் முன்கூட்டியே வீடுகளில் வழங்கப்பட்டன. நூல் வழங்குவதிலும், துணி பெறுவதிலும், கொள்முதல் நிலையத்தில் எடைபோடுவதிலும் இம்முறையைக் கையாள நமக்கு எவர் தடை?

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. காய்ச்சல் கண்டவர் தறியை விட்டும் சந்தையை விட்டும் விலகியிருக்க வேண்டுமென்று அறிவுரை கூறுகின்றோம். விலகினால் அவர் கூலி போகும். நூல் பெறும் முறையும் தவறும். ஆகவே அவர் காய்ச்சலை மறைக்கின்றார். இதை ஒழுக்கக் குறைவென்று கண்டிப்பதால் பயனில்லை. இலாபத்தில் ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும் நோய்க்கால நிதியென்று ஒதுக்கி, வீட்டில் தங்கும் அங்கத்தினர்க்கு இரண்டு வாரக் கூலியில் ஒரு பகுதியேனும் கொடுக்கவும், அவர் முறையை அவருக்கே காத்து வைக்கவும் பொதுக்குழு தீர்மானிக்குமாயின், மறைக்க வேண்டிய தேவையே எழாது.

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவின் அவசர நிலை முடிந்ததாக 2023 மே 5-இல் அறிவித்தது. அதன்பின் நாம் இதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். இன்னொரு பெருந்தொற்று என்றேனும் வரின், மூடுவதா திறப்பதா என்ற வாதம் மீண்டும் எழும். மீண்டும் வயிறு நிறைந்தவர் ஒரு பக்கமும் வயிறு காய்ந்தவர் ஒரு பக்கமும் நிற்பர். அப்பிளவு நம் சங்கத்திற்குள் நேராமற் காப்பது இன்று நம் கையில் உள்ளது. அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் நோய்க்கால நிதி இடம்பெறுமாறு ஒவ்வோர் அங்கத்தினரும் தம் சங்க நிர்வாகிகளுக்கு எழுதுவாராக.