மஞ்சள் உரைக்கும் செய்தி

மயிலாப்பூர் மாட வீதிகளில், திருமணம் முடித்து இல்லம் புகும் மணமக்களுக்கு மகளிர் ஆலம் சுற்றுவதைக் காணலாம். தட்டிலுள்ள நீர் செந்நிறமாய் இருக்கும். அதில் செஞ்சாயம் ஏதும் இல்லை. மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தமையால் வந்த சிவப்பே அது. அந்நீரில் எலுமிச்சைச் சாற்றைப் போதிய அளவு பிழியின் மீண்டும் மஞ்சளாகிவிடும்.

இவ்விந்தை யாங்ஙனம் நிகழ்கின்றது? சுண்ணாம்பு காரம், எலுமிச்சைச் சாறு அமிலம். மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் பொருள் காரத்தில் சிவக்கும். அமிலத்தில் மஞ்சளாகவே நிற்கும். அமிலமும் காரமும் கலப்பின், ஒன்றன் வன்மையை மற்றொன்று அடக்க, உப்பும் நீரும் உண்டாகும். இதுவே நடுநிலையாக்கல் எனப்படும். இவ்வுப்பைக் கறிக்கு இடும் உப்பென்றே கருதிவிடலாகாது. உப்புகளின் இனம் மிகப் பெரிது.

மயிலைக்குத் தெற்கே அடையாற்றில், 1948ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. அங்கு ஆராயப்படும் தோல் பதனிடுந் தொழிலிலும் இவ்விரண்டற்கும் பெரும் பங்கு உண்டு. முதலில் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரைக் களைவர். உட்புகுந்த சுண்ணாம்பு நீங்காவிடில் தோல் செவ்வனே பதப்படாது. ஆதலின் அம்மோனியம் சல்பேட்டு முதலியவற்றால் அதனைப் போக்குவர். பின்னர்த் தோலின் ஓரத்தைச் சிறிது அறுத்து, அறுத்த வாயில் பினால்ப்தலீன் துளியை இடுவர். மஞ்சளைப் போன்றே இதுவும் காரத்தைக் காட்டிக்கொடுக்கும். இளஞ்சிவப்புத் தோன்றின் சுண்ணாம்பு உள்ளே எஞ்சியுள்ளது, தோன்றாவிடின் நீங்கிற்று. அதன் பின்னரே, குரோமிய உப்பினால் பதனிடுதற் பொருட்டு, கந்தக அமிலம் கலந்த உப்பு நீரில் தோலை இடுவர். உப்பின்றி அமிலத்தை மட்டும் சேர்ப்பின் தோல் உப்பிப் பருத்துக் கெட்டுவிடும்.