மறுகால் தெரிந்தவர்களின் தாம்பரம்

பொதிகை எக்ஸ்பிரஸ் அதிகாலை இருட்டில் தாம்பரத்தில் நிற்கும்போதே தெற்கத்திச் சனம் திமுதிமுவென்று இறங்குகிறது. கட்டைப்பையில் தேங்காய், துணிப்பையில் அரிசி, தோளில் தூங்கும் பிள்ளை. ராஜபாளையத்தில் ஏறும் எங்கள் தேவதானத்துக்காரர்கள் பலருக்கு மெட்ராஸ் என்றாலே தாம்பரம்தான்.

1931-இல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கே இடம்பெயர்ந்தது. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் தாம்பரத்தோடு இணைந்து, 70 வார்டுகள் கொண்ட மாநகராட்சி பிறந்தது.

இந்த நகரம் முளைத்தது ஏரிப் பாசன நிலத்தில். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், செம்பாக்கம் என்று ஊருக்கு ஊர் ஏரி. நிரம்பிய ஏரியின் உபரி அடுத்த ஏரிக்கு இறங்கும். செம்பாக்கத்துத் தண்ணீர் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போய்ச் சேரும். வயல்கள் மனைகளாயின, வாய்க்கால்கள் சுருங்கின. மழைக்கு மட்டும் பழைய வழி மறக்கவில்லை.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அருகிலுள்ள முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் சனங்களைப் படகில் ஏற்றி மீட்டார்கள்.

தேவதானத்தில் மேற்கு மலையில் மழை இறங்கி, கண்மாய் நிரம்பி, உபரி நீர் மறுகால் பாய்ந்தால் அது நல்ல சேதி. சின்னஞ்சிறுசுகள் வேடிக்கை பார்க்க ஓடும். பெரியவர்கள் நாற்றங்காலைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். தாம்பரத்தில் அதே மறுகாலுக்குக் கலங்கல் என்று பெயர். ஏரி கலங்கல் தாண்டுகிறது என்றால் இங்கே கட்டிலுக்கு அடியில் செங்கல் வைக்கிறார்கள். தண்ணீர் ஒன்றுதான், அதற்கு வழி விட்ட ஊர் வேறு, வழி மறித்த ஊர் வேறு.

வழி விடவும் முடியும். 2019 கோடையில் சிட்லபாக்கத்துக் குடியிருப்பாளர்கள் தாங்களே வறண்ட ஏரியில் இறங்கிச் சுத்தம் செய்தார்கள். அரசு கவனிக்கும்வரை அவர்கள் விடவில்லை.

பிழைக்க வந்த நம் சனத்திடம் கண்மாய் அறிவு இருக்கிறது. மனை வாங்கும்போது பட்டா, பத்திரம் பார்க்கிறோம். பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று கேட்கிறோம். ஊரில் நம் தாத்தா முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை இங்கேயும் கேட்போம்: "இந்த ஏரிக்கு மறுகால் எந்தப் பக்கம்?" வார்டு உறுப்பினரிடமும் அதையே கேட்போம். பதில் வரும்வரை கேட்போம்.