ஏகாண்டமா, ஒட்டா? வீணை வாங்குமுன் ஓர் இயற்பியல் பாடம்

ஏரலில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி வீணை கற்கத் தொடங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை ஆசிரியையின் வீணையில்தான் பயிற்சி. இப்போது சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். வீட்டில் இரண்டு கட்சி. "வாங்கினால் ஏகாண்ட வீணைதான். மூன்று வருஷம் பணம் சேர்த்தாவது வாங்குவோம்" என்கிறார் தாத்தா. "ஒட்டு வீணையே போதும். இந்த வருஷமே வாங்கிவிடலாம்" என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி? இதற்கு விடை காண இசை அறிவு மட்டும் போதாது. உங்கள் இயற்பியல் புத்தகத்தையும் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

விலை ஏன் வேறுபடுகிறது?

2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை, பலா மரத்தால் செய்யப்படுவது. குடம், தண்டி, யாளி முகம் ஆகிய மூன்றையும் தனித்தனியே செய்து இணைத்தால் அது ஒட்டு வீணை. இவை யாவற்றையும் ஒரே மரத்துண்டிலிருந்து குடைந்து எடுத்தால் அது ஏகாண்ட வீணை. குடத்தின் அகலமும் வீணையின் முழு நீளமும் கொள்ளும்படியான, வெடிப்பும் முடிச்சும் இல்லாத பலாத்துண்டு எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அதில் பெரும்பகுதி சிராயாகப் போய்விடுகிறது. விலை ஏறுவதற்கு முதற் காரணம் இதுதான். ஆனால் மரத்துக்குக் கொடுக்கும் விலை நாதத்துக்குக் கொடுக்கும் விலை ஆகுமா?

ஒலி எங்கே பிறக்கிறது?

ஒரு ரப்பர் வளையத்தை இரு விரல்களுக்கிடையே இழுத்துப் பிடித்து மீட்டுங்கள். ஒலி காதருகில்தான் கேட்கும். அதே வளையத்தை மூடியில்லாத பிஸ்கட் டப்பாவின் வாயில் மாட்டி மீட்டுங்கள். ஒலி அறை முழுவதும் கேட்கிறது அல்லவா? மெல்லிய தந்தி காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர, அதனால் அதிகக் காற்றைத் தள்ள முடியாது. வீணையில் தந்தியின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்தை மூடியுள்ள மேல் பலகைக்குச் செல்கிறது. அகன்ற அப்பலகை திணிப்பு அதிர்வு அடைந்து காற்றைத் தள்ளுகிறது. நம் காதுக்கு எட்டும் ஒலியின் பெரும்பகுதி அதனுடையதே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குடத்தைக் குடைய வேண்டுமானால் அதன் வாய் திறந்திருக்க வேண்டும். குடைந்த பிறகுதான் மேல் பலகையைத் தனியாகச் செய்து ஒட்டுகிறார்கள். ஆகவே ஏகாண்ட வீணையிலும் முக்கியமாக ஒலி தரும் உறுப்பு ஒட்டுப் போட்டதுதான்!

அடுத்தது குதிரை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர். சி. வி. இராமன், கல்கத்தாவில் இருந்தபோது 1921இல் வீணை, தம்புரா பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தந்தியை ஓர் இடத்தில் மீட்டினால், அந்த இடத்தில் கணு கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது யங் கண்ட விதி. நம் கருவிகளிலோ அவையும் நன்றாக ஒலிப்பதை இராமன் கண்டார். குதிரையின் மேற்பரப்பு சற்றே வளைந்திருப்பதும், தந்தி அதிரும்போது அதன்மேல் படிந்து படிந்து விலகுவதுமே காரணம். அந்த வளைவைக் கைதேர்ந்த வினைஞர் அரத்தால் ராவிச் சரிசெய்கிறார். இதற்குத் தேவை அபூர்வ மரம் அல்ல. பழகிய கையும் காதும்தான்.

மேல்நாட்டுச் சோதனைகள்

ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற கிதார் வினைஞர் அந்தோனியோ தெ தோரஸ், 1862இல் ஒரு கிதாரின் பின்புறத்தையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையால் செய்து, மேல் பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்தார். கிதாரின் நாதத்துக்கு மேல் பலகையே முதன்மை என்று காட்டுவது அவர் நோக்கம். பின்புறமும் பக்கங்களும் மட்டும் வெவ்வேறு மரத்தால் ஆன ஆறு கிதார்களை 52 கலைஞர்களிடம், மரம் தெரியாதபடி வாசிக்கத் தந்து, 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் முடிவை வெளியிட்டனர். விலை மிகுந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் தந்த மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

வயலினிலும் இதே கதைதான். 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 கலைஞர்கள் மங்கிய ஒளியில், கறுப்புக் கண்ணாடி அணிந்து ஆறு வயலின்களை வாசித்தனர். மூன்று புதியவை, மூன்று, ஸ்த்ராதிவாரி போன்ற மேதைகள் செய்த பழையவை. பெரும்பாலோரால் பழையது எது, புதியது எது என்று சொல்ல முடியவில்லை. மிகுதியானோர் விரும்பியது ஒரு புதிய வயலினை!

கிதாருக்குச் சொன்னது அப்படியே வீணைக்குப் பொருந்திவிடாது. குடத்தின் கனமும் வடிவமும் வேறு. எனினும் விலையும் பெயரும் கண்ணுக்குத்தான் தெரியும், காதுக்குத் தெரியாது என்ற பாடம் எல்லாக் கருவிகளுக்கும் பொது.

தாத்தா சொல்வதிலும் நியாயம் உண்டு

தந்தியின் இழுவிசையைக் கணக்கிடுவோம். 80 செ.மீ. நீளமும் 0.3 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள எஃகுத் தந்தி 150 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டுமானால், அதில் சுமார் 3 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான இழுவிசை வேண்டும். ஏழு தந்திகளும் சேர்ந்தால் 20 கிலோ அளவுக்கு வரும். இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில் இந்த விசை தண்டியை வளைக்கப் பார்க்கிறது. ஒட்டு சரியில்லாவிட்டால் இணைப்பு இளகும், தந்தி மெட்டுகளைவிட்டு உயரும், சுருதி கலையும். நல்ல ஏகாண்ட வீணையில் இந்தப் பயம் குறைவு. அதன் உண்மையான சிறப்பு இந்த உறுதியே.

ஆனால் எந்த மரமும் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தை ஏரல் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்படி நனைந்தால் ஒட்டும் விடும், ஒற்றை மரமும் வெடிக்கும். தவிர, இரண்டிலும் மெட்டுகள் பதிந்திருப்பது மெழுகில்தான். சித்திரை வெயிலில் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் ஏரலுக்குக் கொண்டுவந்தால் இரண்டிலும் மெழுகு இளகும். பிறகு மேளம் கட்ட வேண்டியதுதான்.

ஒரு மில்லிமீட்டர்

மேளம் கட்டுவது எவ்வளவு நுட்பமான வேலை தெரியுமா? 80 செ.மீ. தந்தியில் 24ஆம் மெட்டு, கால்பங்கு நீளத்தில், அதாவது குதிரையிலிருந்து 20 செ.மீ. தொலைவில் இருக்க வேண்டும். அங்கே அதிர்வெண் 600 ஹெர்ட்ஸ். மெட்டு ஒரு மில்லிமீட்டர் குதிரைப் பக்கம் நகர்ந்தால் அது 603 ஆகிவிடும். சரியான 600 உடன் சேர்ந்து ஒலிக்கும்போது விநாடிக்கு 3 விம்மல்கள் கேட்கும். எவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய ஏகாண்ட வீணையானாலும் இந்தப் பிழை இருந்தால் கற்பவரின் காது கெட்டுவிடும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆசிரியையை உடன் அழைத்துச் செல்லுங்கள். தந்தியின் சரிபாதியில் விரலை இலேசாகத் தொட்டு மீட்டுங்கள். பிறகு 12ஆம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மெட்டிலும் வாசித்து, எங்காவது இரைகிறதா என்று பாருங்கள். ஒரு முறை மீட்டி, ஒலி மறையும்வரை விநாடிகளை எண்ணுங்கள். பிரடைகள் அரைமணி நேரம் சுருதியைப் பிடித்து நிற்கின்றனவா என்று சோதியுங்கள். தண்டியும் குடமும் சேரும் இடத்தில் கீறல் உண்டா என்று உற்று நோக்குங்கள். கடைசியாக, நீங்கள் திரும்பி உட்கார்ந்துகொண்டு, விலை கூடியதையும் குறைந்ததையும் ஆசிரியையை மாறி மாறி வாசிக்கச் சொல்லுங்கள். எது எது என்று உங்களால் பத்துக்கு எத்தனை முறை சரியாகச் சொல்ல முடிகிறது? ஐந்து முறைதான் என்றால், நாணயத்தைச் சுண்டிச் சொன்னாலும் சராசரியாக அவ்வளவே கிடைக்கும்.

இச்சோதனைகளில் தேறிய ஒட்டு வீணை, தேறாத ஏகாண்டத்தைவிட மேலானது. அதோடு, மூன்று ஆண்டு காத்திருந்தால் மரம் உயர்ந்ததாகக் கிடைக்கலாம். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் பழகியிருக்க வேண்டிய விரல்களும் காதும் கிடைக்கமாட்டா. ஆகவே அந்த மாணவிக்கு இந்த ஆண்டு ஒட்டு வீணையே தகும். பத்து ஆண்டு வாசித்த பிறகு ஏகாண்டம் வேண்டுமா என்பதை அவள் காதே சொல்லட்டும்.