காரணத் தொடரும் எதிர்நிலை நிபந்தனையும்: கணிப்பொறிச் செயலிழப்பு விளக்கங்களை முன்வைத்து

1. முன்னுரை

கணிப்பொறி அமைப்பு ஒன்று செயலிழக்கும்போது அதன் காரணத்தைக் கண்டறிவது பொறியியலார் பணி. அதனைப் பிறர் அறியச் சொல்வது மொழியின் பணி. ‘எதனால் நிகழ்ந்தது?’ என்னும் வினாவுக்குத் தரப்படும் விடை, பழி யாரைச் சாரும் என்பதையும் அடுத்து எது திருத்தப்படும் என்பதையும் முடிவு செய்கிறது. ஆகவே விசாரணை அறிக்கைகளை மொழிபெயர்ப்போர் காரணத் தொடர்களின் தருக்க அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும். இரு ஏவூர்தி நிகழ்வுகளின் துணைகொண்டு இதனை இக்கட்டுரை விளக்குகிறது.

2. இரு நிகழ்வுகள்

திருவனந்தபுரத்துத் தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய பி.எஸ்.எல்.வி. ஏவூர்தி, 20.9.1993 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதன்முறையாக ஏவப்பட்டது. இரண்டாம் கட்டம் பிரிந்த வேளையில் எதிர்பாராத பெருந்தடுமாற்றம் நேர்ந்தது. அதனைச் சரிசெய்ய எழுந்த கட்டளையின் அளவு வரம்பை மீறியது. வரம்பு மீறும்போது மட்டுமே வெளிப்படும் மென்பொருள் பிழை ஒன்று அப்போது வெளிப்பட்டது. செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டவில்லை.

4.6.1996 அன்று ஐரோப்பாவின் ஏரியன்-5 ஏவூர்தி, புறப்பட்டு ஏறத்தாழ 40 விநாடியில் சிதறியது. 64 பிட் மிதவைப்புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழுஎண்ணாக மாற்றுகையில், அதன் மதிப்பு 32,767 என்னும் மேல்வரம்பைக் கடந்தது. அந்நிரல்பகுதி ஏரியன்-4 கலத்திலிருந்து எடுத்தாளப்பட்டது. புதிய கலம் புறப்பட்டபின் அதற்கு வேலையே இல்லை. மாற்று அலகிலும் அதே மென்பொருள் இருந்தமையால் இரண்டும் ஒருசேரப் பயனற்றுப் போயின.

3. ‘ஆல்’ உருபின் பொருள்மயக்கம்

நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகிய பொருள்களையும், ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது ஆகிய பொருள்களையும் வகுக்கிறது. இக்காலத் தமிழில் ஏதுப்பொருளையும் பெரும்பாலும் ‘ஆல்’ உருபே ஏற்கிறது. இதனால், ‘மென்பொருள் பிழையால் ஏவூர்தி வீழ்ந்தது’ என்னும் தொடர், பிழை ஒன்றே காரணம் என்றும், காரணங்களுள் ஒன்று என்றும் இருவகையாகப் பொருள்படுகிறது. ‘காரணம் மென்பொருள் பிழை’ என்னும் பெயர்ப்பயனிலைத் தொடரும் அத்தகையதே.

4. எதிர்நிலைச் சோதனை

ஒரு நிகழ்வு மற்றொன்றின் காரணமா என்பதை எதிர்நிலை நிபந்தனையால் விளக்கலாம் என்றார் டேவிட் லூயிஸ் (1973). அதாவது, முன்னது நிகழாதிருந்திருந்தால் பின்னதும் நிகழ்ந்திராது என்பது மெய்யாயின் முன்னது காரணமாகும். பீட்டர் லாட்கின் இக்கருத்தைக் கொண்டு விபத்துகளின் காரணத் தொடர்ச்சியை வரைபடமாக்கும் முறையை உருவாக்கினார்.

இச்சோதனையைத் தமிழ் ஓர் இடைச்சொல்லின் வேறுபாட்டால் காட்டவல்லது:

அ) பிழை இல்லாதிருந்திருந்தால் ஏவூர்தி வீழ்ந்திராது.
ஆ) பிழை இல்லாதிருந்திருந்தாலும் ஏவூர்தி வீழ்ந்திருக்கும்.

(அ) மெய்யாயின் பிழை காரணம். (ஆ) மெய்யாயின் காரணமன்று. 1993ஆம் ஆண்டு நிகழ்வில் பிழையைக் காரணம் என்பது (அ) தொடரை ஏற்பதாகும். ஆயினும், தடுமாற்றம் நேராதிருந்திருந்தால் கட்டளை வரம்பை மீறியிராது, பிழையும் வெளிப்பட்டிராது. ஆகவே தடுமாற்றமும் காரணமே. ஏரியன் நிகழ்விலும், எண்மாற்றத்துக்குக் காப்பு இருந்திருந்தாலோ, அந்நிரல்பகுதி புறப்பட்டவுடன் நிறுத்தப்பட்டிருந்தாலோ அச்செயலிழப்பு நேர்ந்திராது. இச்சோதனை தருவது தனியொரு காரணத்தையன்று. இன்றியமையாக் காரணங்களின் தொகுதியை.

5. கலைச்சொற்கள்

நம்பகப் பொறியியல் மூன்று நிலைகளைப் பிரிக்கிறது: அமைப்பினுள் உறையும் குறை, அது செயற்படும்போது தோன்றும் பிறழ்ந்த நிலை, வெளியே புலப்படும் பணித்தவறுகை. மூன்றையும் ‘பிழை’ அல்லது ‘கோளாறு’ என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால் காரணத் தொடர்ச்சி அழிந்து, ‘பிழையால் பிழை நேர்ந்தது’ என்னும் வெற்றுக்கூற்று எஞ்சும். முறையே வழு, பிறழ்நிலை, செயலிழப்பு என வழங்குதல் தகும். எண்மாற்றத்துக்குக் காப்பின்மை வழு. மதிப்பு வரம்பு கடந்தமை பிறழ்நிலை. அலகு தன் பணியை நிறுத்தியமை செயலிழப்பு.

6. முடிவுரை

மூலத்தில் பல காரணங்கள் சுட்டப்பட்டிருப்பின், ‘காரணங்களுள் ஒன்று’ என வெளிப்படையாக எழுதுவதே முறை. ‘ஆல்’ உருபு ஐயம் தருமிடத்து, அத்தொடரை எதிர்நிலை நிபந்தனையாக விரித்துப் பார்த்தல் மொழிபெயர்ப்பாளர்க்கு எளிய உரைகல்லாகும். அவ்வாறு விரித்துப் பாராது பெயர்க்கப்படும் அறிக்கை, பலர் பங்குகொண்ட தவற்றை ஒருவர்மீது சுமத்திவிடக்கூடும். எஞ்சிய வழுக்களும் திருத்தப்படாமல் நின்றுவிடும்.